வரலாற்றுக் கடிதங்களின் அட்டவணையாக்கம்

வரலாற்றுக் கடிதங்களின் அட்டவணையாக்கம் என்பது, பழைய கடிதம் ஒவ்வொன்றையும் எழுதியவர், பெற்றவர், நாள், இடம், பொருள் முதலிய விபரங்களுடன் பதிவு செய்து, பிறர் தேடிக் கண்டடையக்கூடியதாக ஆக்கும் ஆவணவியல் பணியாகும். எண்ணிம ஆவணக்காப்பகங்கள் பலவற்றில் இப்பணியின் தொடக்க நிலைகளை, வரலாறு, இலக்கியம், நூலகவியல் பயிலும் மாணவர்கள் தம் உள்ளகப் பயிற்சியின்போது செய்கின்றனர். கடிதத்தை வருடிப் படமாக்கினால் மட்டும் அது ஆய்வாளர் கைக்கு எட்டுவதில்லை. பட்டியலில் பிழையாகப் பதியப்பட்ட கடிதம் காப்பகத்தில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

பதிவின் உறுப்புகள்

ஒரு கடிதத்துக்கான பதிவில் பொதுவாகப் பின்வருவன இடம்பெறும்:

* கடிதத்துக்குரிய தனி அடையாள எண்
* எழுதியவர், பெற்றவர் பெயர்கள்
* எழுதப்பட்ட நாளும் இடமும்
* மொழி, தாள்களின் எண்ணிக்கை, தாளின் நிலை
* தொடக்கச் சொற்கள் (ஒரே கடிதத்தின் வெவ்வேறு படிகளை இனங்காண உதவுவது)
* உள்ளடக்கச் சுருக்கம்
* மூலம் இருக்கும் நிறுவனமும் கோப்பு எண்ணும்

பயிற்சி மாணவரின் பணி

மாணவர் முதலில் மூலத்தைக் கையாளும் முறையைக் கற்கிறார். கைகள் தூய்மையாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். மேசையில் மை எழுதுகோலுக்கு இடமில்லை, கரிக்கோல் மட்டுமே. கோப்பில் தாள்கள் அடுக்கப்பட்டுள்ள வரிசையை மாற்றக்கூடாது. எதன் பின் எது வைக்கப்பட்டது என்பதும் ஒரு சான்றாகும்.

அடுத்து, கையெழுத்தை வாசித்து விபரங்களை நிரப்புகிறார். இங்கு பெயர்களே முதற் சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குனராக வில்லியம் ஹூக்கர் 1865 வரை இருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் யோசப் ஹூக்கர் அப்பதவியை ஏற்றார். 'கியூ இயக்குனர் ஹூக்கர்' என்று மட்டும் குறிப்பிடும் கடிதம் எவரைச் சுட்டுகிறது என்பதை, அக்கடிதத்தின் ஆண்டு தெரிந்தாலன்றி முடிவு செய்ய இயலாது. இதனால் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கி, பதிவுகளை அவ்வெண்ணுடன் இணைப்பது வழக்கம்.

சதுர அடைப்புக்குறி

கடிதத்தில் உள்ளதை உள்ளவாறே பதிய வேண்டும். பதிபவர் பிற சான்றுகளால் ஊகித்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். ஐயம் இருப்பின் வினாக்குறி சேர்க்க வேண்டும். இக்குறி விடுபட்டால், பதிபவரின் ஊகம் எழுதியவரின் கூற்றாக மாறிவிடும். பின்னர் வரும் ஆய்வாளர் அதனை ஆதாரமாகக் கொள்ளவும் கூடும்.

நாளைக் கணித்தல்

நாள் எழுதப்பட்டிருந்தாலும் அதனை அப்படியே கொள்ள முடியாத காலங்கள் உண்டு. இங்கிலாந்தில் 1752 வரை யூலியன் நாட்காட்டி வழக்கில் இருந்தது. அதற்கு முன்பு அங்கு சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. ஆகவே, அம்முறைப்படி '10 பெப்ரவரி 1650' என நாளிட்ட இலண்டன் கடிதம், கிரெகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றிய பாரிசில் 20 பெப்ரவரி 1651 ஆகும். இதைத் திருத்தாமல் வரிசைப்படுத்தினால், கேள்வி எழுதப்படுவதற்கு முன்பே பதில் வந்ததாகத் தோன்றும்.

நாள் இல்லாத கடிதங்களுக்கு அஞ்சல் முத்திரை, தாளின் நீர்க்குறி, அச்சிட்ட முகவரி, உள்ளே பேசப்படும் நிகழ்ச்சிகள் ஆகியன துணைபுரிகின்றன.

டார்வினின் கடிதங்கள்

இப்பணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1974 இல் பிரெடரிக் பர்க்கார்ட் தொடங்கிய டார்வின் கடிதத் திட்டம் ஆகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இயங்கிய இத்திட்டம், சார்லஸ் டார்வின் எழுதியவையும் பெற்றவையுமான ஏறக்குறைய 15,000 கடிதங்களை ஒழுங்குபடுத்தியது. முதல் தொகுதி 1985 இலும், இறுதியான 30 ஆம் தொகுதி 2023 இலும் வெளிவந்தன. டார்வின் தம் கடிதங்கள் பலவற்றில் ஆண்டை எழுதவில்லை. எனவே காலக்கணிப்பே இத்திட்டத்தின் பெரும்பணிகளுள் ஒன்றாயிற்று.

இவற்றுள் ஒரு கடிதம் நெடிய விவாதத்துக்கு உரியதாகும். தெர்னாத்தே தீவில் இருந்த ஆல்பிரட் ரசல் வாலிசு, இயற்கைத் தேர்வு குறித்த தம் கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். அது அன்று வந்து சேர்ந்ததாக டார்வின், புவியியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதினார். அக்கடிதத்தில் '18' என்ற நாள் மட்டுமே உண்டு. பதிப்பாசிரியர்கள் அதனை '18 [ஜூன் 1858]' எனப் பதிந்தனர். 1858 ஜூலை 1 அன்று இருவரது எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

வாலிசு பிரெடரிக் பேட்சுக்கு எழுதிய வேறொரு கடிதம், 3 ஜூன் 1858 நாளிட்ட இலெஸ்டர் அஞ்சல் முத்திரையைக் கொண்டுள்ளது. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருந்தால், கட்டுரை டார்வினிடம் இரு வாரங்கள் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் எனவும், அதை அவர் மறைத்தார் எனவும் சிலர் வாதிட்டனர். 2012 இல் ஜான் வான் வையும் கீஸ் ரூக்மாக்கரும் அஞ்சல் கப்பல்களின் பயண அட்டவணைகளை ஆராய்ந்து, கட்டுரை அடுத்த மாதக் கப்பலில் அனுப்பப்பட்டு ஜூன் 18 இல் சேர்ந்தது என்னும் முடிவுக்கு வந்தனர். இம்முடிவை ஏற்காதவர்களும் உள்ளனர். வாலிசின் கட்டுரையுடன் வந்த கடிதமும் உறையும் கிடைக்கவில்லை. ஓர் உறை பேணப்பட்டிருந்தால், ஓர் அறிவியலாளரின் நேர்மை பற்றிய இக்கேள்வி பெரும்பாலும் எழுந்திராது.

இதனாலேயே உறை, முத்திரை, வெற்றுப் பின்பக்கம் ஆகியவற்றையும் படமெடுத்துப் பதியுமாறு பயிற்சி மாணவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. எந்த விபரம் பிற்காலத்தில் தேவைப்படும் என்பதைப் பதிபவர் முன்கூட்டி அறிய முடியாது.