இந்த வயதில் பனிச்சறுக்கா?

வெயில் நாட்டில் பனிச்சறுக்கு எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. சன்வே பிரமிட் பேரங்காடியின் பனிச்சறுக்கு அரங்கம் 1997இல் திறக்கப்பட்டது. அங்கே சிறுவயதில் பழகிய ஜூலியன் யீ, 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்துச் சறுக்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முதலாகக் கால்பதித்ததும் அந்த ஆண்டுதான்.

இது பிள்ளைகளாக இருக்கும்போதே தொடங்கியவர்களின் கதை. பெரியவர்களின் கதை வேறு. பிள்ளையின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு அரங்கத்தின் ஓரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு, நாமும் இறங்கிப் பார்த்தால் என்ன என்ற ஆசை ஒருநாள் எழத்தான் செய்கிறது. கூடவே பயமும் எழுகிறது.

இந்தப் பயத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பத்து வயதுப் பிள்ளை விழுந்தால் எழுந்து ஓடிவிடும். அதன் உயரமும் குறைவு, எடையும் குறைவு. அடியும் அதற்கேற்பக் குறைவு. நாற்பது வயதுக்காரர் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் ஏறக்குறைய ஆறு வாரம் மாவுக்கட்டு. வண்டி ஓட்ட முடியாது, சமைக்க முடியாது, வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். மூளை இவ்வளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அதோடு இன்னொரு பயமும் ஒட்டிக்கொண்டு வரும். நாலு பேர் பார்த்துச் சிரித்துவிட்டால்? “இந்த வயதில் உனக்கு இது தேவையா?” என்று வீட்டில் கேட்டுவிட்டால்? பெண்களின் காதில் இந்தக் கேள்வி இன்னும் சற்று உரக்கவே விழும். எலும்பு முறியும் பயத்தையும் மானம் போகும் பயத்தையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவதற்குப் பாதுகாப்பும் பயிற்சியும் உண்டு. இரண்டாவதற்கு, பனியில் நிற்கும் பெரும்பாலோர் தத்தம் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உண்மையே போதும்.

“பயப்படாமல் செய்யுங்கள்” என்பது அதிகம் சொல்லப்படும், ஆனால் அதிகம் உதவாத அறிவுரை. பயம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. உடம்பில் இறங்கி வேலை செய்கிறது. பயந்தவுடன் முழங்கால் விறைக்கிறது, தோள் உயர்கிறது, மூச்சு அடைபடுகிறது, பார்வை கால்விரலுக்குப் போகிறது. முழங்கால் விறைத்ததும் உடல் எடை குதிகாலுக்கு நழுவுகிறது. சறுக்குக் காலணியின் எஃகுத் தகடு முன்பின்னாகச் சற்று வளைந்திருக்கும். எடை பின்னால் போனால் கால் முன்னால் ஓடிவிடும். ஆள் மல்லாந்து விழுவார். ஆக, விழுந்துவிடுவோம் என்ற பயமே ஆளை விழவைக்கிறது. மனம் அமைதியடையட்டும் என்று காத்திருந்தால் அது நடக்காது. முழங்காலை மடக்கி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தால் மனம் தானாகப் பின்னால் வரும்.

அப்படியானால் முதல் பாடம் எது? விழுவதுதான். நின்ற நிலையிலேயே நன்றாகக் குனிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்புச் சதையின்மேல் சாய்ந்து விழப் பழக வேண்டும். பனியில் உராய்வு மிகக் குறைவு. பக்கவாட்டில் விழுபவர் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போவார். அடியின் வேகம் அதிலேயே பாதி கழிந்துவிடும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழுந்தபின் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், பிறர் தகடு ஏறிவிடாமல். எழும்போது முதலில் முழந்தாளிட்டு, ஒரு காலை ஊன்றி, இரு கைகளையும் அந்த முழங்காலின்மேல் வைத்து எழலாம். ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் நாலைந்து முறை இப்படி வேண்டுமென்றே விழுந்து எழுந்தவருக்கு, “விழுந்தால் என்ன ஆகும்?” என்ற கேள்விக்கு உடம்பே பதில் சொல்லிவிடும்.

முன்னோக்கிச் சறுக்கவும் நிற்கவும் கற்றுக்கொண்டவர்கள் அடுத்துத் திணறும் இடம் ‘3’ திருப்பம். இடக்காலின் வெளி விளிம்பில் வளைந்து முன்னே செல்பவர், அதே காலில் நின்றபடி திரும்பி, உள் விளிம்பில் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். பனியில் 3 என்ற எண்ணைப் போல் தடம் விழுவதால் இந்தப் பெயர். பார்க்க எளிது. ஆனால் பலர் திரும்பும் நொடியில் மற்ற காலைத் தடாலென்று கீழே வைத்துவிடுகிறார்கள், மாதக்கணக்கில். “எனக்கு 3 திருப்பம் என்றாலே பயம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த நொடியில் பயம்? ஒற்றைக்காலில் நிற்பதிலா? திரும்புவதிலா? திரும்பியபின் கண்ணுக்குத் தெரியாத திசையில் போவதிலா? மூன்றும் மூன்று வேறு பயங்கள். ஒன்றுக்கான பயிற்சி மற்றொன்றுக்கு உதவாது. ஒற்றைக்கால்தான் சிக்கல் என்றால் நேர்க்கோட்டில் ஒற்றைக்காலில் ஐந்து வரை எண்ணும்வரை செல்லப் பழகலாம். பின்னோக்கிப் போவதுதான் பயம் என்றால் திருப்பத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, இரு கால்களிலும் பின்னோக்கிச் சறுக்கி, தோளுக்குமேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டும். திரும்புவதுதான் பயம் என்றால் தடுப்புச் சுவரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பலாம். வீட்டுக் கூடத்தில் காலுறையோடு பாதத்தின் முன்பகுதியில் திரும்பிப் பார்ப்பதும் பயிற்சியே. தோள் முதலில் திரும்ப வேண்டும், பிறகுதான் கால். எடை குதிகாலில் இருந்தால் தகடு திரும்பாது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பயந்தவர் மெதுவாகப் போவதே பாதுகாப்பு என்று நினைக்கிறார். சைக்கிள் ஓட்டுவதைப் போலத்தான் இதுவும். வேகம் அடியோடு குறைந்தால் தள்ளாட்டம் கூடும். 3 திருப்பத்துக்கு ஓரளவு ஓட்டம் தேவை.

1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது, தானே செய்து முடித்த அனுபவத்துக்கு முதலிடம் கொடுத்தார். அடுத்து, பிறர் செய்வதைப் பார்ப்பது. ஊக்க வார்த்தைகளின் பலன் அதைவிடக் குறைவு. பார்ப்பதிலும் தன்னைப் போன்றவரைப் பார்ப்பதே பலன் தரும். பத்து வயதுப் பிள்ளை சுழல்வதைப் பார்த்து நாற்பத்தைந்து வயது அம்மாவுக்குத் துணிச்சல் வராது. இன்னோர் அம்மா தடுமாறி நிமிர்வதைப் பார்த்தால் வரும். பெரியவர்கள் குழுவாகக் கற்பது அதனால்தான் நல்லது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான தேசியப் பனிச்சறுக்குப் போட்டி 1995இலேயே தொடங்கியது. ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் அனைத்துலகப் போட்டி 2005இல் தொடங்கியது.

பயம் சொல்வதைக் கேட்க வேண்டிய நேரங்களும் உண்டு. கணுக்காலைப் பிடிக்காத தொளதொள வாடகைக் காலணி, மழுங்கிய தகடு, பள்ளி விடுமுறைக் கூட்டம், தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் ஆகியவற்றோடு புதிய வித்தையைத் தொடக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றையும் பெரியவர்கள் வெட்கப்பட்டுத் தவிர்க்கிறார்கள். பின்னால் விழுந்தால் பின்னந்தலை மோதக்கூடும். அதனால் தலைக்கவசத்தை முதலில் வாங்கலாம்.