கனத்த கத்தியும் கனமற்ற கையும்

தீய நாவை வாளுக்கும் அம்புக்கும் ஒப்பிடும் இடங்கள் விவிலியத்தில் பல உண்டு. திருப்பாடல் 52 மட்டும் அதனைத் தீட்டிய சவரக்கத்திக்கு ஒப்பிடுகின்றது. சவரக்கத்தி போர்க்கருவியன்று. மனிதன் தன் கழுத்தை நீட்டிக் கண்களை மூடி, நம்பிக்கையோடு தன்னை ஒப்படைக்கும் கருவி அது.

அப்பாடலின் முன்குறிப்பு ஏதோமியனான தோயேகை நினைவூட்டுகின்றது. நோபு நகரில் குரு அகிமெலக்கு தாவீதுக்கு உணவும் கோலியாத்தின் வாளும் கொடுத்ததைக் கண்ட அவன், அதைச் சவுலிடம் போய்ச் சொன்னான். தாவீது அரசனின் பணியிலேயே வந்திருக்கிறார் என்று குரு நம்பியதை அவன் சொல்லவில்லை. அன்று 85 குருக்கள் அவன் கையாலேயே மாண்டனர் (1 சாமுவேல் 22).

அப்படியானால் கூர்மைதான் குற்றமா? சவரத் தொழில் அறிந்தவர் ஒருபோதும் அவ்வாறு சொல்லமாட்டார். மழுங்கிய கத்தியே மயிரைப் பிடித்து இழுக்கும்; இழுத்தால் கை அழுத்தும்; அழுத்தினால் தோல் கிழியும். மழுங்கிய இரும்புக்கு அதிக வலிமை வேண்டியிருக்கும் என்று சபை உரையாளரும் (10:10) உணர்த்துகின்றார்.

இன்று கொழும்பின் சலூன்களில் பெரும்பாலும் பிளேட் மாற்றும் கத்திகளே உள்ளன. நோய் தொற்றாதிருக்க அதுவே நல்லது. ஆயினும் ஒருகொடவத்தையில், கொள்கலன் லொறிகளின் இரைச்சலுக்கு நடுவே, பழைய கத்தி ஒன்றை இன்னும் துடைத்து வைத்திருக்கும் மூத்த தொழிலாளி ஒருவரைக் கண்டேன். முதுகு தடித்து, ஆப்பு வடிவில் அமைந்த கனமான கத்தி. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் முன்னர் இவ்வகைக் கத்திகளே செய்யப்பட்டன. பக்கங்களைக் குழிவாகக் கடைந்த மெல்லிய கத்திகள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவின.

இத்தகைய கத்தியைத் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் தீட்டுக்கல் மேடு பள்ளமின்றிச் சமமாக இருக்கவேண்டும். நீர் தெளித்த கல்லின்மீது கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும்படி, வாய் முன்னே செல்லத் தள்ளவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டவேண்டும். வாயின்மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை வீண். மெல்லிய கத்தியில் சிறு பகுதியே கல்லில் படும். ஆப்புக் கத்தியிலோ அகன்ற பரப்பு முழுவதும் தேயவேண்டும். நூற்றுக்கணக்கான தடவைகள் தள்ளினாலும் மாற்றம் மெல்லவே தெரியும். அவசரப்பட்டு அழுத்துபவருக்கு வாயின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். அது கூர்மைபோல் தோன்றும். முதல் சவரத்திலேயே உதிர்ந்துவிடும்.

“கத்திக்கே பாரம் இருக்குது தம்பி, கைப்பாரம் அதுக்குத் தேவையில்லை” என்றார் அப்பெரியவர்.

சொரசொரப்பான கல்லிலிருந்து மிருதுவான கல்லுக்கு மாறி, இறுதியில் துணியிலும் தோல்வாரிலும் தேய்க்கவேண்டும். வாரில் திசை மாறும். முதுகு முன்னே செல்ல, வாய் பின்தொடரும். தவறினால் வாரே அறுபட்டுவிடும்.

கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் முன் ஒருவர் கழுத்தை நீட்டி அமர்ந்தவர்களே. எந்த இடத்தில் தோல் மெல்லியது என்பதை அயலவர் அறியார்; வீட்டார் அறிவர். உண்மையைத்தானே சொன்னேன் என்று தோயேகும் சொல்லியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ‘பரியாரி’ என்னும் சொல் நாட்டு வைத்தியரையும் சவரத் தொழிலாளரையும் குறித்தது. தமிழகத்திலோ அச்சமூகத்தார் ‘மருத்துவர்’ என்றே அழைக்கப்படுகின்றனர். காயத்துக்கு மருந்திட்ட கைகளே முகத்தையும் மழித்தன. அக்கைகளுக்குரியோரைப் பிறப்பைச் சொல்லித் தாழ்த்திய நாவுகள் நம் கிறிஸ்தவ இல்லங்களிலும் இருந்தன. இல்லாமற் போய்விட்டன என்று துணிந்து கூற இயலவில்லை.

பெரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்த புனித மார்ட்டின் தெ போரஸ், ஏறத்தாழ 12 வயதில் இத்தொழிலைப் பயிலத் தொடங்கினார். அக்காலத்தில் அங்கும் சவரத் தொழிலாளரே காயங்களுக்குக் கட்டுப்போட்டனர், இரத்தம் வடித்தனர். தந்தை ஸ்பானியப் பிரபு. தாய் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். அப்பிறப்பின் காரணமாக, தொமினிக்கன் மடத்தில் அவர் முதலில் பணியாளராக மட்டுமே ஏற்கப்பட்டார். 1603இல்தான் துறவற வார்த்தைப்பாடு அளித்தார். மடத்தின் முடிதிருத்துநரும் அவரே, நோயாளரைப் பராமரித்தவரும் அவரே. நிறத்தைச் சொல்லி ஏசியவர்களுக்கும் அவர் முகம் கோணாமல் பணிவிடை செய்தார். அவர் கையில் இருந்ததும் கூரிய கத்திதான். 1962 மே 6ஆம் திகதி திருத்தந்தை 23ஆம் யோவான் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது திருவிழா நவம்பர் 3ஆம் திகதி. முடிதிருத்துவோர் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டுள்ளனர்.