உஷார்! உங்கள் கம்பெனி மெயிலை இன்னொருவனும் படித்துக்கொண்டிருக்கலாம்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி நடத்தும் அண்ணன்மாரே! அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி, தங்கைகளே! கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஆபீஸ் மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறதா? கம்பெனி மெயில் எல்லாம் அதில்தான் வந்து விழுகிறதா? அந்த சர்வரில் 110, 143 என்ற இரண்டு போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா?

"தெரியலையே" என்கிறீர்களா? அதுதான் ஆபத்து!

நான் அமிர்திக்காரி. ஜவ்வாது மலை அடிவாரம். இருட்டினால் ஆட்டுப்பட்டிப் படலைச் சாத்தாமல் எங்கள் வீட்டில் யாரும் படுக்க மாட்டார்கள். இந்தத் தோல் ஊர்களில் பல வருஷமாக சர்வர் வேலை பார்க்கிறேன். எத்தனை படல்கள் திறந்தே கிடக்கின்றன என்று பார்த்துப் பார்த்து வயிறு கலங்குகிறது.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனி. தெரிந்த பையன் ஒருவன் மெயில் சர்வர் போட்டுக் கொடுத்தான். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. "நம்ம மெயிலை யாரு திருடப் போறான்?" என்று முதலாளி சிரிப்பார்.

ஜனவரி கடைசியில் நந்தம்பாக்கம் தோல் கண்காட்சிக்குப் போனார். லாட்ஜ் வைஃபை, ஹோட்டல் வைஃபை, காபிக் கடை வைஃபை. அவருடைய போன் கால் மணிக்கு ஒரு தரம் 110 வழியாக மெயிலை இழுத்துக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டு ஒவ்வொரு முறையும் பச்சையாகப் போனது. எந்த மறையாக்கமும் இல்லை.

அதன்பின் இரண்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மெயில்கூடத் தொலையவில்லை.

பிறகு ஒருநாள், கண்டெய்னர் கப்பலேறிய வாரத்தில், ஐரோப்பாவில் இருக்கும் பயருக்கு ஒரு மெயில் போனது. அதே இன்வாய்ஸ் நம்பர், அதே தொகை, முதலாளி வழக்கமாக எழுதும் அதே விசாரிப்பு. "எங்கள் பேங்க் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு வரி புதிது. பயர் அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து இவர் போன் செய்தபோது, "பணம் போட்டாச்சே" என்றார் அவர். சரக்கும் போனது. பணமும் போனது. தையல் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வீட்டம்மா நகை அடகுக்குப் போனது. பழைய பயரும் கை நழுவிப் போனார். என்னைக் கூப்பிட்டபோது லாக் பார்க்கலாம் என்று சர்வரைத் திறந்தேன். நாலு வாரத்துக்கு முந்தைய பதிவு எதுவுமே இல்லை. எந்த வைஃபையில் பாஸ்வேர்டு போனது, எவன் எடுத்தான், எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதைக் கவனியுங்கள். எடுத்துக்கொண்டு ஓடுகிற திருடனைவிட, உட்கார்ந்து படிக்கிற திருடன் மோசம்! உங்கள் பயர் யார், எப்போது பணம் போடுவார், நீங்கள் அவரிடம் எப்படிப் பேசுவீர்கள், எல்லாம் அவனுக்குப் பாடம்.

சின்ன கம்பெனிக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைக்காதீர்கள். 2015-ல் சவூதி அராம்கோ நிறுவனத்திடமிருந்து ஓ.என்.ஜி.சி.க்கு வரவேண்டிய ரூ.197 கோடி வேறு கணக்குக்குத் திருப்பப்பட்டது. போலி மெயில் முகவரியில் 'என்', 'ஜி' என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்!

மெயிலை அனுப்பும் வழி வேறு, வந்த மெயிலை எடுத்துப் படிக்கும் வழி வேறு. எடுத்துப் படிக்க பாப்3, ஐமேப் என்று இரண்டு முறைகள். அவற்றின் பழைய போர்ட்டுகள் 110, 143. தொடக்கத்திலிருந்தே டி.எல்.எஸ். பூட்டோடு பேசும் போர்ட்டுகள் 995, 993. பூட்டில்லாமல் பாஸ்வேர்டு அனுப்புவது, பீரோ சாவியைத் திறந்த கவரில் போட்டுத் தபாலில் அனுப்புவதுபோல. 2018-லேயே இணையத் தர விதிகள் பூட்டில்லாத வழியைக் கைவிடச் சொல்லிவிட்டன. ஆனாலும் பூட்டே இல்லாத பாப்3 சர்வர்கள் உலகத்தில் சுமார் 33 லட்சம் இருப்பதாக 2025 தொடக்கத்தில் ஷாடோசர்வர் அமைப்பு கண்டது. உங்களுடையது அதில் ஒன்றாக இருக்க வேண்டாம்!

எந்த மென்பொருளைப் போடுவது?

யூ.டபிள்யூ. ஐமேப் இன்னும் ஓடுகிறதா? உடனே மாற்றுங்கள். ஐமேப்பையே உருவாக்கிய மார்க் கிரிஸ்பின் எழுதியதுதான், ஆனால் பல வருஷமாகப் பராமரிக்க ஆள் இல்லை. ஓட்டை வந்தால் அடைக்க யாரும் வர மாட்டார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சைரஸ் நல்லதுதான், ஆனால் பெரிய பெரிய நிறுவனங்களுக்கானது. நம் ஆபீஸுக்கு டவ்காட் போதும். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் 2002-ல் வெளியிட்டது. இதில் லாகின் வாங்கும் பகுதி தனியாக, அதிகாரம் எதுவும் இல்லாத பயனராக ஓடும். அங்கே ஒரு ஓட்டை விழுந்தாலும் மொத்தப் பெட்டியும் அப்படியே திருடன் கையில் போய்விடாது.

டவ்காட் போட்டுவிட்டால் மட்டும் தப்பித்தோம் என்று இருக்காதீர்கள். போடுகிற விதத்தில்தான் எல்லாம்!

முதலில், 110, 143 இரண்டையும் மூடுங்கள். டவ்காட் அமைப்பில் அந்தப் போர்ட்டுக்கு 0 என்று கொடுத்தால் அடைந்துவிடும். "143-ல் சேர்ந்தபிறகு பூட்டு போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். கேட்காதீர்கள். அந்த முறையில் 40-க்கும் மேற்பட்ட ஓட்டைகளை ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். 993 மட்டும் போதும்.

பூட்டில்லாத பாஸ்வேர்டை டவ்காட் வெளியிலிருந்து தானாகவே வாங்காது. ஆனால் "மெயில் வரலைன்னா அந்தத் தடையை எடுத்துவிடு" என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஒரு மாற்றம்தான் படலைப் பிடுங்கிப் போடும் கை!

இலவசமான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்குங்கள். 90 நாளில் காலாவதியாகும். தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் டவ்காட்டை ரீலோட் செய்யாவிட்டால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தவுடன் ரீலோட் ஆகும்படி சேர்த்தே எழுதி வையுங்கள். டி.எல்.எஸ். 1.2-க்குக் கீழே எதையும் அனுமதிக்காதீர்கள்.

பாஸ்வேர்டுகளை அப்படியே கோப்பில் எழுதி வைக்காதீர்கள். பிகிரிப்ட் போன்ற முறையில் ஹாஷ் ஆக்கி வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவனைத் தடுக்க ஃபெயில்2பேன் போடுங்கள். மெயில் பார்ப்பது ஆபீஸ் ஆட்கள் மட்டும்தான் என்றால் 993-ஐயும் உலகத்துக்குத் திறக்காதீர்கள். வயர்கார்டு வி.பி.என். வழியாக வரட்டும்.

இன்னொன்று! 2025-ல் வந்த டவ்காட் 2.4-ல் அமைப்புக் கோப்பின் எழுத்துமுறையே மாறிவிட்டது. டெபியன் 13-க்கு மேம்படுத்தினால் பழைய 2.3 கோப்பு ஓடாது. அவசரத்தில் பூட்டைக் கழற்றிவிட்டு ஓட வைக்காதீர்கள். முதலில் வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

ஆபத்தின் அறிகுறிகள். இதில் ஒன்று இருந்தாலும் விடாதீர்கள்!

மெயில் திறக்கும்போது "இந்தச் சான்றிதழை நம்பலாமா?" என்று போன் கேட்கிறது. எல்லாரும் "சரி" தட்டிப் பழகிவிட்டார்கள்.

லாக்கில் லாகின் வரியில் டி.எல்.எஸ். என்ற சொல் இல்லை.

நீங்கள் போகாத நாட்டு ஐ.பி.யிலிருந்து உங்கள் பெயரில் லாகின் ஆகியிருக்கிறது.

நீங்கள் திறக்காத மெயில், திறந்ததாகக் காட்டுகிறது.

நீங்கள் எழுதாத சீவ் விதி (வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதி) ஒன்று, மெயிலின் நகலை வெளி முகவரிக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டு மாற்றினாலும் இது போகாது!

"பேங்க் கணக்கு மாத்திட்டீங்களா?" என்று பயர் கேட்கிறார்.

ஏதாவது ஒன்று தென்பட்டால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். 'டவ்அட்ம் கிக்' கட்டளையால் வெளியேற்றுங்கள். சீவ் விதிகளைப் பாருங்கள். லாக்கை அழிக்காதீர்கள்! பல டெபியன், உபுண்டு சர்வர்களில் மெயில் லாக் நாலு வாரம்தான் தங்கும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் (CERT-In) போட்ட 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இன்றே மாற்றி வையுங்கள்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். உங்கள் பேங்க், பயரின் பேங்க் இரண்டுக்கும் உடனே சொல்ல வேண்டும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். 2024 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி இப்படி 4.23 கோடி டாலரை அனுப்பிவிட்டது. நாலு நாளில் தெரிந்ததும் போலீஸுக்கு ஓடியது. இன்டர்போல் உதவியோடு 4 கோடி டாலருக்கு மேல் மீட்டார்கள். நம் ஆள் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கேட்டார்.

இன்று ராத்திரி படுக்கும் முன் இரண்டே வேலை. உங்கள் தம்பியிடம் சொல்லி, ஆபீஸ் வைஃபையில் இல்லாமல் போன் டேட்டாவில் இருந்து 110, 143 திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பயர் ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். மெயில் வேண்டாம், குரல் கேட்கட்டும். "எங்கள் பேங்க் கணக்கு மாறினால் நானே போனில் சொல்வேன். மெயிலில் வந்தால் நம்பாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

அந்த முதலாளி இதைச் சொல்லியிருந்தால், அந்த அம்மா கழுத்தில் இன்றைக்கும் தாலிச்சரடு மட்டும் தொங்காது.