மாநிறத் தோலும் மாறிய மெஷினும்

சிட்னியின் டூங்கபியில் என்னிடம் பச்சை குத்த வரும் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கேட்பது எழுத்துத்தான். அம்மாவின் பெயர், ஊரின் பெயர், சிலவேளை ஒரு வேலும் அதன் கீழே ஒரு தேதியும். தமிழ் எழுத்தைக் குத்துவது இலேசான வேலை இல்லை. ‘ண’வில் மூன்று சுழி. ‘ஞ’வில் வளைவுக்குள் வளைவு. தோலுக்குள் போன மை வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவும். சுழியைச் சிறிதாகக் குத்தினால் ஒருநாள் அது அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். கோடு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதனால்தான் எனக்குப் பெரிய விஷயம். காயில் மெஷினிலேயே தொழில் பழகிய நான் ரோட்டரிக்கு மாறியதும் இந்தக் கவலையால்தான்.

காயில் மெஷினுக்குள் இருப்பது பழைய வீட்டு வாசல்களில் இருந்த மின்சார மணியின் அதே ஏற்பாடு. இரண்டு கம்பிச் சுருள்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவை காந்தமாகி, மேலே உள்ள இரும்புத் துண்டைக் கீழே இழுக்கும். இழுத்த கணத்திலேயே இணைப்பு அறுந்து காந்தம் போய்விடும். ஸ்பிரிங் துண்டை மேலே தூக்க, மறுபடி இணைப்பு. விநாடிக்கு ஏறத்தாழ நூறு தடவை இது நடக்கும். கடைக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும் அந்த இரைச்சல் இதுதான். எங்களுக்கு அது வெறும் இரைச்சல் அல்ல. ஸ்பிரிங் தளர்ந்தால் சத்தம் கரகரக்கும், திருகு தேய்ந்தால் விட்டுவிட்டு வரும். காதைக் கொடுத்துக்கொண்டே வோல்டேஜைக் கூட்டிக் குறைப்போம். கோட்டுக்கு ஒரு மெஷின், நிழலுக்கு இன்னொன்று.

ரோட்டரியில் ஒரு சின்ன மோட்டார் மட்டுந்தான். அதன் தண்டில் மையம் விலகிய ஒரு சக்கரம் சுற்றச் சுற்ற, ஊசி மேலும் கீழும் போய்வரும். அது போய்வரும் தூரத்தை ஸ்ட்ரோக் என்போம். 3.5 மில்லிமீற்றர் பொது அளவு. மென்மையான நிழலுக்கு அதைவிடக் குறைவு, தடித்த கோட்டுக்கு 4 அல்லது அதற்கு மேல். பேனை போலப் பிடிக்கலாம், பாரமும் குறைவு. நாள் முழுக்கக் குனிந்திருப்பவரின் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எல்லோரும் இதைப் புது மெஷின் என்கிறார்கள். ஆனால் வயதில் மூத்தது ரோட்டரிதான். எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனை, பிரதி எடுப்பதற்காக மோட்டார் ஓட்டத்தால் தாளில் துளையிடும் கருவி. அந்த வழியில் நியூயோர்க்கின் சாமுவேல் ஓரைலி 1891இல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். சுருள்களை வைத்த மெஷின் அதற்குப் பிறகே வந்தது. அதற்கெல்லாம் முன்பே எங்கள் பக்கத்தில் குறவர் குலத்துப் பெண்கள் வெறும் ஊசியாலும் விளக்குக் கரியாலும் கோலங்களைக் குத்தினார்கள். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆழத்தைக் கணிக்க அவர்களுக்கு இருந்தது விரல் மட்டுமே. அவர்களை இந்தத் தொழிலின் மூத்தோராகவே நினைக்கிறேன்.

மை தங்க வேண்டிய இடம் உட்தோல், மேலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழம். எங்கள் நிறமோ அதற்கு மேலே, மேல்தோலில் இருக்கிறது. எனவே எந்த மையும் எங்கள் நிறத்தினூடாகத்தான் வெளியே தெரியும். மங்கலாக இருக்கிறதே என்று அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோல் புண்ணாகி, தழும்பு தடித்துவிடும். கெலோய்ட் என்ற அந்தத் தடித்த தழும்பு கறுத்த, மாநிறத் தோல்களில் கூடுதலாக வருவது மருத்துவம் அறிந்த உண்மை. ரோட்டரியின் ஓட்டம் ஒரே சீராக இருப்பதால் நிழலை மெதுவாக அடுக்கிக்கொண்டு போகலாம், ஒரே இடத்தை அடிக்கடி தொட வேண்டியதில்லை.

அதற்காக ரோட்டரி தானாகவே மென்மையானது என்று யாரும் நம்பிவிடக் கூடாது. காயிலில் தோல் எதிர்த்தால் ஸ்பிரிங் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சத்தமும் கனத்து எச்சரிக்கும். நேரடியாக மோட்டார் தள்ளும் ரோட்டரியில் அந்த விட்டுக்கொடுப்பு இல்லை. கை அழுத்தினால் ஊசி பேசாமல் ஆழத்துக்குப் போய்விடும். மாறிய புதிதில் காதை மறந்து கண்ணையும், தோலை இழுத்துப் பிடிக்கும் இடக்கையையும் நம்பப் பழக வேண்டியிருந்தது. என்னிடம் தொழில் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு காயிலைக் கழற்றிப் பூட்டப் பழக்குகிறேன். ஊசி ஏன் ஓடுகிறது என்று தெரிந்த கைதான் பாதுகாப்பான கை.

சுத்தத்தில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. காயிலின் இரும்புக் குழாயை ஒவ்வொரு முறையும் கழுவி, நீராவியால் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவில் வைத்து எடுப்போம். ரோட்டரியின் கார்ட்ரிட்ஜில் ஊசியும் முனையும் சேர்ந்தே வருகின்றன. ஒருவருக்குப் பாவித்ததும் எறிந்துவிட வேண்டும். உள்ளே மெம்பிரேன் எனும் மெல்லிய தடுப்பு இருந்தால் இரத்தமும் மையும் மெஷினுக்குள் ஏறாது. மலிவான சிலவற்றில் அது இருப்பதில்லை. குத்திக்கொள்ளப் போகிறவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம், பாக்கெட்டைத் தன் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். நியூ சவுத் வேல்ஸில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்துகிறவருக்கும் கடைக்கும் லைசன்ஸ் வேண்டும். அதையும் காட்டச் சொல்லலாம். இதில் கூச்சம் எதற்கு?

போன கிழமை ஒரு அன்ரி மகனோடு வந்தா. “தம்பி, இந்தச் சத்தமில்லாத மெஷின் எண்டால் நோகாதாமே?” என்று கேட்டா. “நோகும் அன்ரி, கொஞ்சம் குறைவாய் நோகும்” என்றேன். பிறகு மகனின் சட்டைக் கையை மேலே தூக்கி, குழந்தையில் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. அது தடித்துப் புடைத்திருந்தால், கெலோய்ட் வரக்கூடிய தோல் என்று எந்த மெஷினையும் கையில் எடுக்க மாட்டேன். முதலில் தோல் டொக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுவேன்.