சோபா கம் பெட்: விருந்தாளிக்கா வாங்குறீங்க, உங்க முதுகுக்கா?

மயிலாப்பூர்லயோ அடையார்லயோ ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு. மார்கழி கச்சேரி சீசனுக்கு அத்தை வருவாங்க. தி.நகர்ல கல்யாணப் புடவை எடுக்க சித்தி குடும்பம் வரும். அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல செக்கப்புன்னா மாமா நாலு நாள் தங்குவார். எல்லாரையும் எங்கே படுக்க வைக்கிறது? உடனே தோணுறது சோபா கம் பெட். பகல்ல சோபா, ராத்திரி கட்டில், ஒரே செலவு.

வாங்கின பல பேர் சொல்றது வேற கதை: "உட்காரவும் சுகமில்ல, படுக்கவும் சுகமில்ல." காரணம் அதோட அமைப்புலயே இருக்கு. மடக்கணும்னா ஃபோம் ரெண்டு, மூணு துண்டா இருந்தாகணும். விரிச்சுப் படுக்கும்போது அந்த இணைப்பு இடுப்புக்கோ தோளுக்கோ நேரா வந்து நிக்கும். பகல் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து நடுவுல பள்ளம் விழுந்த ஃபோம்லதான் ராத்திரி தூங்கணும். ஃப்ரேம் இல்லாத, தரையோட விரியுற ஃபோம் மாடல்னா, முட்டி வலி இருக்கிற அம்மா காலையில எழுந்திருக்கவே ஒரு ஆள் துணை வேணும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. அம்மா அப்பா வந்தா அவங்களை ஹால்ல படுக்க விடுவீங்களா? பெட்ரூமை அவங்களுக்குக் கொடுத்துட்டு நீங்கதான் ஹாலுக்கு வருவீங்க. நம்ம வீடுகள்ல சோபா கம் பெட்டோட உண்மையான விருந்தாளி நீங்கதான்! மறுநாள் காலையில ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குக் கிளம்புற முதுகும் உங்களோடதுதான்.

இப்போ பணத்துக்கு வருவோம். சாதாரண சோபா 18,000, சோபா கம் பெட் 30,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 12,000. வருஷத்துக்கு 10 ராத்திரி விருந்தாளி, 5 வருஷம்னா 50 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 240 ரூபாய். லாட்ஜைவிடக் குறைச்சல்தான். ("வீடு இருக்கும்போது லாட்ஜா?"ன்னு கேட்டுட்டு மாமா அடுத்த தடவை வரவே மாட்டார், அது வேற.) ஆனா தூக்கமே வராத ராத்திரிக்கு 240 ரூபாய் அதிகம்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே"ன்னு கடையில சொல்வாங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சொல்லியாச்சு. வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுவாங்க, அவ்வளவுதான். 30,000 ரூபாய், 6 மாசம், 15% வட்டின்னா வட்டி சுமார் 1,270 ரூபாய். கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. சுமார் 228 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் தனி. மொத்தமா பணம் கட்டினா கிடைக்கிற தள்ளுபடியும் போச்சு.

என்னைக் கேட்டா, நல்ல சோபா ஒண்ணு, மூணா மடிக்கிற 4 இன்ச் மெத்தை ஒண்ணு. மெத்தையை பரண்ல போட்டுடலாம். இதுலயும் மடிப்பு இருக்கேன்னா, இருக்கு. ஆனா தினமும் யாரும் உட்காராததால பள்ளம் விழாது. இன்டர்வியூவுக்கு வர்ற தம்பிக்கு கோரைப்பாயும் தலையணையுமே போதும், அவன் பாட்டுக்குத் தூங்கிடுவான். வீட்டுக்கு மெத்தை போட்ட கட்டிலே இன்னும் வரலையா? முதல் செலவு அதுக்குத்தான்.

வருஷத்துல ரெண்டு மாசம் யாராவது தங்குறாங்க, சோபா கம் பெட்டேதான் வேணும்னா, மெட்டல் ஃப்ரேம்ல தனி மெத்தை இழுத்து விரியுற மாடல் பாருங்க. ஃபோம் டென்சிட்டி எவ்வளவுன்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. கடையிலயே விரிச்சு, கூச்சப்படாம 15 நிமிஷம் ஒருக்களிச்சுப் படுங்க. சேல்ஸ்மேன் பார்த்தா பார்க்கட்டும்.

ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா, முதல்ல டேப் எடுத்து ஹால்ல 6க்கு 6 அடி சாக்பீஸ்ல கோடு போடுங்க. வாசக்கதவு திறக்குதா? ராத்திரி பாத்ரூம் போறவங்க உங்களை மிதிக்காம போக முடியுதா? லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட்டுன்னா மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துடுங்க.