“கதை இருக்கு அக்கா, தமிழ்தான் வரலை!”

நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்பு அறையின் சிவப்பு விளக்கு அணைந்த பிறகும் சில நேயர்கள் தொலைபேசியை வைக்க மாட்டார்கள். பாட்டுக் கேட்கத்தான் அழைத்திருப்பார்கள். பாட்டு முடிந்துவிடும், பேச்சு முடியாது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். என் வேலையில் பாதியை நான் கற்றதே அதிலிருந்துதான்.

அப்படித்தான் ஓர் இரவு உட்லண்ட்சிலிருந்து ஒரு பெண் அழைத்தார். வங்கியில் வேலை, முப்பது வயதுக்குள். அவருடைய பாட்டிக்கு இப்போது மறதி கூடிவருகிறதாம். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிறாராம். “பாட்டி முன்னாடி சொன்ன ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. எழுதணும்னு ஆசை. கதை இருக்கு அக்கா, தமிழ்தான் வரலை” என்றார்.

என்ன கதை என்று கேட்டேன். மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

கம்பத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நாள். பாட்டி அம்மிக்கல்லை விட்டுவர மறுத்துவிட்டார். அந்தக் காலத்து மின்தூக்கிகள் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்பதாம் மாடியில் நின்றது, வீடோ பதினொன்றில். தாத்தாவும் சித்தப்பாவும் சண்டை போட்டுக்கொண்டே கல்லைப் படியேற்றினார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டி மசாலா அரைக்க உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் கீழ்வீட்டுச் சீனர் வந்து கதவைத் தட்டினார். அதற்கடுத்த நாள் பாட்டி அம்மிக்கு அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு அரைத்தார். இப்போது அந்தக் கல் வீட்டு வாசலில் இருக்கிறது, மேலே ஒரு கற்றாழைத் தொட்டி.

“இதை இப்ப எந்த மொழியில சொன்னீங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார்.

எழுதி அனுப்பச் சொன்னேன். இரண்டு நாளில் முதல் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தழுவிக்கொண்டிருந்தான். பறவைகள் இன்னிசை பாடின. பாட்டி தன் கணவரைப் பார்த்து, “அன்பரே, இக்கல் நம் குலச்சொத்து அல்லவா?” என்றார்.

தொலைபேசியில் நான் கேட்ட பாட்டியை அந்தப் பக்கத்தில் காணவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலர் தமிழில் கடைசியாக எழுதியது பள்ளிக் கட்டுரைதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அழகுத் தொடர்கள் விரல் நுனியில் நிற்கும். பேனாவை எடுத்ததும் அவைதான் முதலில் ஓடிவரும். அவற்றோடு போட்டி போட முடியாமல் வீட்டில் பேசும் தமிழ் பின்வாங்கிவிடும். அதைத்தான் ‘தமிழ் வரலை’ என்கிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் மிச்சமிருக்கும் பேச்சையும் கதைக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டால், எழுத வேறு எதுதான் இருக்கிறது?

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதில்லை. 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் ‘சிங்கைநேசன்’ இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு. 1888ல் அதில் வெளிவந்த ‘வினோத சம்பாஷணை’யைத்தான் இங்கே எழுதப்பட்ட முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அது சிறுகதைதானா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெயரைப் பாருங்கள், சம்பாஷணை! இந்த ஊரில் தமிழ்க் கதை பேச்சில்தான் தொடங்கியிருக்கிறது.

கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் இந்த வட்டாரத்துப் பத்திரிகைகள் எப்போதோ கையில் எடுத்துவிட்டன. 1950ல் கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பாடம் பத்திரிகையில் வரும், வாசகர்கள் பயிற்சிக் கதைகளை எழுதி அனுப்புவார்கள். சிங்கப்பூரும் மலாயாவும் அப்போது ஒரே வாசகர் கூட்டம். நகரத்து வாசகரும் தோட்டப்புறத்து வாசகரும் ஒரே பாடத்தைப் படித்தார்கள். 1952ல் ‘தமிழ் முரசு’ இன்னொரு வகுப்பு தொடங்கியது. வை. திருநாவுக்கரசு நடத்திய அதற்கு ‘ரசனை வகுப்பு’ என்று பெயர். எழுதுவதற்கு ஒரு வகுப்பு, படித்து ரசிப்பதற்கு ஒரு வகுப்பு. இரண்டாவதற்கு இன்று வகுப்பு எடுத்தால் எத்தனை பேர் பெயர் கொடுப்போம் என்று தெரியவில்லை. எனக்கென்னவோ அதுதான் முதலில் வேண்டும் என்று படுகிறது.

வானொலிக்காரி என்பதால் எனக்குத் தெரிந்த வழி காது வழிதான். அதில் எனக்கு வழிகாட்டி புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன். புதுமைப்பித்தன் மேல் கொண்ட பற்றால் அந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டவர், வானொலியில் பல்லாண்டு வேலை பார்த்தவர், 2008ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவர் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ வானொலி நாடகம் 1969, 1970ஆம் ஆண்டுகளில் 96 பாகங்களாக ஒலிபரப்பானது. மக்கள் கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதே மாற்றத்தை அதே மக்களுக்கு, அவர்கள் சிரிக்கும்படி, குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வதென்றால் லேசான காரியமா?

வானொலி நாடகத்தில் முகத்தைக் காட்ட முடியாது. இடத்தையும் காட்ட முடியாது. யார் பேசுகிறார், எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்பது முதல் அரை நிமிடத்தில் புரியாவிட்டால் நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். நாலு பேர் பேசினால் நாலு பேச்சும் வேறுவேறாக இருக்க வேண்டும். சிறுகதைக்கும் இது அப்படியே பொருந்தும். உங்கள் கதையில் பேசுகிறவர்களின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். யார் பேசியது என்று தெரியவில்லையென்றால் அங்கே பேசிக்கொண்டிருப்பது எல்லாம் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் உட்லண்ட்ஸ் தங்கையிடம் எழுத வேண்டாம் என்றேன். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் சொல்வதுபோல் கதையைச் சொல்லச் சொன்னேன். பிறகு அதைக் கேட்டு, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நிறைய ‘வந்து’, ‘அப்புறம் பார்த்தா’ எல்லாம் வரும். வரட்டும். அவற்றைக் களைவது சுலபம். இல்லாத உயிரைப் பிறகு கொண்டுவருவதுதான் கஷ்டம்.

அப்படியானால் முழுக்கதையையும் பேச்சுத் தமிழிலேயே எழுதலாமா? எழுதலாம், ஆனால் புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேசுகிறவர்கள் மட்டும் அவரவர் பேசுகிறபடி பேசட்டும். அதிலும் ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்புப்படி உடைத்து எழுதினால் படிக்கிறவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார். ஒருவரைக் காட்ட இரண்டு மூன்று சொல் போதும். பாட்டி சந்தையைப் ‘பசார்’ என்பார், காவலாளியை ‘ஜாகா’ என்பார். பேத்தி வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆக்சுவலி’ போடுவாள். அதற்குமேல் வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘லா’ சேர்த்தால் சிங்கப்பூர்க் கதை ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கவே பாவமாக இருக்கும்.

இடமும் அப்படித்தான். தேக்கா என்று எழுதியவுடன் மல்லிகைப்பூ, மசாலா வாசனை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். சுற்றுலாத் துறை விளம்பரத்திலும் அதேதான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தையில் பத்து நிமிடம் நின்று, விற்கிறவரும் வாங்குகிறவரும் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆட்டுக்கறி வாங்க வந்தவர் எலும்பைக் குறைக்கச் சொல்லும் விதத்தில் அவர் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் ஒரு போட்டிக்குச் சிறுகதை அனுப்பினேன். அப்பாவும் மகனும் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது அப்பாமேல் பேருந்து மோதிவிடுகிறது, மகன் ஓடிவந்து கதறுகிறான். எழுதும்போது நானே அழுதேன். பரிசு வரவில்லை. வருத்தத்தோடு ஒரு வாசகர் சந்திப்பில் அதைப் படித்துக் காட்டினேன். மூத்த எழுத்தாளர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: “ஏம்மா, இதில யாரும் சாகலைன்னா என்ன ஆகும்?”

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காகவே பேருந்தை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்பாவையும் மகனையும் கோப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார வைத்தேன். இரண்டு கோப்பி வந்தது, ஆறியும் போனது. அப்பா வாயைத் திறக்கவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த மனிதருக்கு மகனிடமிருந்து என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. அதை மறைக்கத்தான் பேருந்தைக் கூட்டிவந்திருக்கிறேன். புற்றுநோய், விபத்து, ‘எல்லாம் கனவு’ என்று கதையை முடிக்கத் தோன்றும்போதெல்லாம் இப்போது நான் பின்னால் போய்ப் பார்க்கிறேன். அநேகமாக மூன்றாவது பக்கத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பேன்.

அம்மிக்கல் கதையில் அந்தச் சிக்கல் இல்லை. பாட்டிக்கு அரைக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரருக்குத் தூங்க வேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தங்கை பாட்டியின் பிறப்பு, திருமணம், ஜப்பானியர் காலம் எல்லாவற்றையும் சொல்லி, ஐந்தாம் பக்கத்தில்தான் கல்லுக்கு வருவதாக இருந்தார். மின்தூக்கிக் கதவு ஒன்பதாம் மாடியில் திறக்கும் இடத்தில் தொடங்குங்கள் என்றேன். மற்றது தேவைப்பட்டால் வரும். கோணிச்சாக்கு பற்றி ‘பாட்டி விட்டுக்கொடுத்தார்’ என்று விளக்கவும் வேண்டாம். சாக்கைப் போட்டார் என்று எழுதினால் போதும். நாடகத்தில் நாங்கள் ஒரு கதவுச் சத்தத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம், கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் அதை இரண்டாக்கலாம். உங்களுக்கே வெட்கமாக இருக்கும் வரியை வெட்டிவிடுங்கள், பெரும்பாலும் அது கதிரவனாகத்தான் இருக்கும். பிறகு இன்னொருவர் காதில் போட வேண்டும். அம்மா, மனைவி, கணவர் வேண்டாம், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமில்லை. 1977ல் நா. கோவிந்தசாமி தொடங்கிய இலக்கியக் களம், இங்கே வெளியான சிறுகதைகளை எடுத்துவைத்துத் திறனாய்வு செய்தது. 1976ல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் ‘கதைக்களம்’ நடத்துகிறது. தங்கமுனை விருதுப் போட்டி 1993லிருந்து நான்கு மொழிகளிலும் நடக்கிறது. போட்டிக்கு அனுப்புவதற்குமுன் ஒரு கூட்டத்தில் படித்துக்காட்டி வாங்கிக்கட்டிக்கொள்வது நல்லது. போட்டியில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் சொல்வார்கள், சில சமயம் தேவைக்கு அதிகமாகவே.

படிக்கப் புத்தகம் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளியான இலக்கிய நூல்களில் 350க்கும் மேற்பட்டவற்றை மின்வடிவாக்கி, 2015ல் தேசிய நூலக வாரியம் வழியாக வெளியிட்டார்கள். இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இராம. கண்ணபிரானையும் மா. இளங்கண்ணனையும் பாடநூலில் ஒரு பத்தியாக மட்டும் பார்த்தவர்கள் முழுதாகப் படித்துப் பாருங்கள். ரயிலில் உட்லண்ட்சிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும்.

தங்கையிடமிருந்து போன வாரம் மறுபடி அழைப்பு வந்தது. கல்லைத் தூக்கும் காட்சியை எழுதி, பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கல்லத் தூக்குனது உன் தாத்தா இல்லடி. அவருக்கு அன்னைக்கு இடுப்புப் பிடிப்பு. கீழ்வீட்டுக்காரந்தான் ஒருபக்கம் பிடிச்சான்” என்றாராம்.

“அப்படின்னா மறுநாள் கதவைத் தட்டினதும் அவர்தான். இது நிஜமா அக்கா, இல்ல பாட்டியோட மறதியா?”

எனக்கும் தெரியவில்லை. சித்தப்பாவைக் கேட்டால் தெரியுமே என்றேன். கேட்கப் போவதில்லையாம். ஒன்பதாம் மாடியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கிவிட்டார். இந்த முறை கல்லின் ஒரு பக்கத்தில் சித்தப்பா, இன்னொரு பக்கத்தில் கீழ்வீட்டுச் சீனர். இருவரும் மலாயில் பேசிக்கொள்கிறார்கள். அதைத் தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் அழைத்தாராம்.