ஒன்றுக்குக் கீழே இறங்காத எண்

1997 பிப்ரவரி 4 அன்று நெதர்லாந்தின் வடக்கு பிராபன்ட் மாகாணத்தில், வென்ஹார்ஸ்ட் என்ற ஊரின் பன்றிப் பண்ணை ஒன்றில் ‘கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்’ உறுதியானது. இந்த வைரஸ் பன்றி இனத்தை மட்டுமே தாக்கும். 2009இல் உலகெங்கும் மனிதர்களிடம் பரவிய பன்றிக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரசு உடனே களத்தில் இறங்கியது. அந்தப் பண்ணையின் பன்றிகள் கொல்லப்பட்டன. சுற்றுவட்டாரத்தில் கால்நடைகளை ஏற்றிச் செல்லத் தடை வந்தது. அப்படியும் நோய் அடங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. மொத்தம் 429 பண்ணைகளில் அது புகுந்திருந்தது.

சட்டப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் நோய் ஏன் நிற்கவில்லை? ஆய்வாளர் ஆர்யன் ஸ்டேகமன் குழுவினர் கணித மாதிரி ஒன்றைக் கட்டி இதற்கு விடை தேடினார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற கணக்கை கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகினோம். இங்கே நோயாளியின் இடத்தில் நிற்பது ஒரு முழுப் பண்ணை. ஒரு கொட்டகைக்குள் வைரஸ் நுழைந்துவிட்டால் எந்தப் பன்றிக்கு முதலில் வந்தது என்பது பெரிதல்ல. அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் அந்தப் பண்ணையிலிருந்து எத்தனை பண்ணைகளுக்குப் போயிருக்கும் என்பதே கேள்வி.

நோய் கண்டறியப்படும் முன்பு அந்த எண் 6.8 என்று கணக்கு சொன்னது. முதல்கட்ட நடவடிக்கைகளுக்குப் பின் 1.3. பரவலில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டிவிட்டார்கள் என்று பொருள், சாதாரணச் சாதனையல்ல. ஆனால் 1.3 என்றால் நூறு பண்ணைகள் நூற்றுமுப்பதுக்குக் கொடுக்கும். அவை நூற்றறுபத்தொன்பதுக்குக் கொடுக்கும். எண் ஒன்றுக்குக் கீழே இறங்காதவரை நோய் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளை நோய் வருமுன்பே காலி செய்து, பண்ணைகளுக்கிடையே ஆட்களும் வண்டிகளும் போய்வருவதை இறுக்கிய பிறகுதான் அது 0.5க்கு வந்தது.

முதல் எண் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்குப் பின்னே ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனிக்குப் போய் வந்த கால்நடை லாரி ஒன்று, கடுங்குளிரில் சரியாகக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் வைரஸைக் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது. காய்ச்சலும் தீனி எடுக்காமல் கிடப்பதும் பன்றிகளுக்கு அடிக்கடி வருபவைதாம். அதனால் வாரக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. வென்ஹார்ஸ்டில் நோய் உறுதியான நாளில் சுமார் 39 பண்ணைகளில் வைரஸ் ஏற்கெனவே குடியேறியிருந்தது என்பது பின்னர் போட்ட கணக்கு. செயற்கைக் கருவூட்டல் மையங்களில் இருந்த ஆண் பன்றிகளையும் அது தொற்றியது. அங்கிருந்து விந்து வாங்கிய சுமார் 1,680 பண்ணைகள் சந்தேகப் பட்டியலுக்குப் போயின.

என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. நோய் கண்ட பண்ணைகளில் கொல்லப்பட்டவை சுமார் 7 லட்சம் பன்றிகள். அண்டைப் பண்ணைகளில் முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்பட்டவை சுமார் 11 லட்சம். இவை தவிரக் கொல்லப்பட்ட 90 லட்சத்துக்கும் மேற்பட்டவை நோயாலும் சாகவில்லை, நோய் வருமென்ற அச்சத்தாலும் சாகவில்லை. போக்குவரத்துத் தடையால் விற்க வழியில்லை. தாய்ப்பன்றிகளோ தொடர்ந்து குட்டி போட்டன. நிற்க இடமின்றிக் கொட்டகைகள் நெரிந்ததால் அவற்றைக் கொல்ல நேர்ந்தது. பண்ணையை ஒற்றை நோயாளியாக எண்ணும் மாதிரியில் இந்த நெரிசலுக்கு இடமே கிடையாது. 6.8, 1.3 என்ற எண்கள் சரியாக இருக்கலாம். ஆனால் கொள்கை வகுப்பவர் அவற்றை மட்டும் பார்த்தால் இந்த 90 லட்சம் கண்ணில் படாமலே போய்விடும்.

தடுப்பூசி போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஊசி போட்ட பன்றியையும் நோய் கண்டு மீண்ட பன்றியையும் ரத்தப் பரிசோதனையில் அன்று பிரித்தறிய முடியவில்லை. ஏற்றுமதிச் சந்தை கைவிட்டுப் போகுமென்று ஐரோப்பிய நாடுகள் 1990 வாக்கிலேயே வழக்கமான தடுப்பூசியை நிறுத்தியிருந்தன. பின்னர் வந்த அடையாளத் தடுப்பூசி அந்த வேறுபாட்டைக் காட்டக்கூடியது. அதை வைத்து ஆய்வாளர் ஜன்டீன் பேக்கரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட மாதிரி, நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 2 கி.மீ. வட்டத்தில் ஊசி போடுவது, 1 கி.மீ. வட்டத்தில் எல்லாப் பன்றிகளையும் கொல்வதற்கு ஈடான பலன் தரும் என்று காட்டியது. ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது, சில நாள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை வட்டத்தின் அகலம் ஈடுகட்டுகிறது. ஊசி போட்ட மந்தைகளில் தொற்று ஒளிந்திருக்கும் ஆபத்தையும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஊசி போட்ட பன்றியின் இறைச்சியை அண்டை நாடுகள் வாங்கினால்தான் இந்த வழி நடைமுறைக்கு வரும். அந்தச் சம்மதத்தை நோய் இல்லாத காலத்திலேயே எழுத்தில் பெற்று வைத்திருக்க வேண்டும். முதல் பண்ணையில் நோய் உறுதியான பிறகு பேச உட்கார்ந்தால், பேச்சு முடியுமுன் வைரஸ் பல பண்ணைகளைக் கடந்து போயிருக்கும்.